கடைசி வரியை வெட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை இதழில் குழந்தைப் பாட்டுகளைப் பற்றி வந்த கட்டுரைக்கு அன்றைக்கே பதில் எழுத நினைத்தேன். நான்கு நாள் தாமதமாகிவிட்டது. கட்டுரை இருந்த பக்கம் எங்கள் வீட்டுப் பொம்மைக் கூடையில், ஒரு கால் இல்லாத யானைக்கும் என் மூக்குக்கண்ணாடிக்கும் நடுவில் கிடந்தது. அதை அங்கே போட்டவள் என் பேத்தி. போடச் சொன்னவன் நான். சொன்னது மட்டும் எனக்குத் தெரியாது.

இந்த மாதம் முடிந்தால் அவளுக்கு இரண்டு வயது. பொம்மைகளை எடுத்துவைப்பதற்கென்று மருமகள் ஒரு சின்ன மெட்டு வைத்திருக்கிறாள். "எல்லாம் உள்ளே, எல்லாம் உள்ளே" என்று அதையே திரும்பத் திரும்பப் பாடவேண்டும், அவ்வளவுதான். அவளே இட்டுக்கட்டியது. அந்த மெட்டு காதில் விழுந்ததும் பிள்ளை செய்துகொண்டிருப்பதை விட்டுவிட்டு, கைக்கு எட்டியதையெல்லாம் கூடைக்குள் போடத் தொடங்குவாள். நல்ல பழக்கம் என்று நாங்களும் மெச்சிக்கொண்டிருந்தோம். ஆனால் அது நாக்கில் ஒட்டிக்கொள்ளும் மெட்டு. எனக்கோ பேப்பர் படிக்கும்போது எதையாவது முணுமுணுக்கும் வழக்கம். அன்று தலையங்கத்தை முடித்துவிட்டு அந்தக் கட்டுரைக்கு வந்தபோது வாய் தானாக அந்த மெட்டை எடுத்திருக்கிறது. பேத்தி வந்தாள். என் கண்ணாடியைக் கழற்றினாள். பேப்பரை உருவினாள். இரண்டையும் கூடையில் போட்டுவிட்டு, என் கால் செருப்புக்காகத் திரும்பி வந்தாள். முகத்தில் குறும்பு கொஞ்சமும் இல்லை. வேலைக்கு வந்த ஆளின் முகம்.

கண்ணாடி அன்றே கிடைத்துவிட்டது. பக்கம் கிடைக்கத்தான் புதன்கிழமை ஆயிற்று.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் பாட்டைக் கேட்டுக் கேட்டு, அதில் காட்டுவதை அப்படியே திருப்பிச் செய்யும் பொம்மைகளாகிவிட்டார்கள் என்று கட்டுரையாளர் வருத்தப்பட்டிருந்தார். திருப்பிச் செய்கிறார்கள் என்பது வரை ஒத்துக்கொள்கிறேன். பொம்மைகள் என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. நான் நாற்பது ஆண்டு அச்சகத்தில் புரூஃப் பார்த்தவன். ஈய எழுத்துக் காலத்தில் உள்ளே போய், கணினி வந்து சில ஆண்டுகள் கழித்து வெளியே வந்தவன். அந்த வேலையில் ஒருவர் மூலப்படியை உரக்கப் படிப்பார். இன்னொருவர் புரூஃபின் மேல் விரல் வைத்துக்கொண்டே வருவார். ஒரு கமா விட்டுப்போயிருந்தாலும் விரல் நிற்கும். இப்போது எங்கள் வீட்டில் படிக்கிறவன் நான், விரல் வைக்கிறவள் அவள்.

சோதித்துப் பார்த்திருக்கிறேன். பாட்டு வரியின் கடைசிச் சொல்லை விட்டுவிட்டு நிறுத்தினால், விட்ட சொல்லை அவளே போட்டு நிரப்புகிறாள். சரி, சொல்லை மாற்றினால்? பூனை வரவேண்டிய இடத்தில் பானை என்று பாடினேன். என் வாயை உள்ளங்கையால் பொத்திவிட்டு, "ஊனை" என்று திருத்தினாள். அவளுக்குப் "பூ" வராது. ஆனால் எனக்கு வந்தாகவேண்டும். இவ்வளவு கண்டிப்பான ஆள் எங்கள் அச்சகத்தில் ஒருவரோ இருவரோதான் இருந்தார்கள்.

அவளைக் கவனித்ததில் நான் கண்டது, பாட்டு என்றால் அவளுக்கு உத்தரவு. இன்ன மெட்டுக்கு இன்ன வேலை என்று அவளிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியலைத் தயாரித்தவர்கள் நாங்கள்தான். ஆனால் என்ன எழுதிக்கொடுத்தோம் என்பது எங்களுக்கே சரியாகத் தெரியாது.

கை கழுவ இருபது விநாடி வேண்டும், பிறந்தநாள் பாட்டை இரண்டு முறை பாடினால் சரியாக இருக்கும் என்று பெருந்தொற்றுக் காலத்தில் சொன்னார்களே, அது எங்கள் வீட்டில் அப்படியே தங்கிவிட்டது. பேத்தி அந்தக் களேபரமெல்லாம் ஓய்ந்த பிறகு பிறந்தவள். ஆனாலும் ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை குழாயடியில் அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் வளர்கிறாள். போன மாதம் உறவினர் வீட்டுப் பிறந்தநாள் ஒன்றுக்குப் போயிருந்தோம். மெழுகுவத்தியை ஏற்றி எல்லாரும் பாட ஆரம்பித்தார்கள். இவள் சுற்றுமுற்றும் குழாயைத் தேடினாள். இல்லை என்றதும், பரவாயில்லை என்று வெறுங்கையையே தேய்க்கத் தொடங்கினாள். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு என்று ஒன்றையும் விடவில்லை. பாட்டு முடிந்தது, கைதட்டினார்கள், மெழுகுவத்தியை ஊதி அணைத்தாயிற்று. இவள் மட்டும் தேய்த்த கையோடு நின்றுகொண்டு, "இன்னு! இன்னு!" என்று அழ ஆரம்பித்தாள். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. என் மனைவிதான், "இரண்டு தடவை பாடினால்தான் அவளுக்குக் கை கழுவி முடியும்" என்று விளக்கினாள். மறுபடி மெழுகுவத்தி ஏற்றி மறுபடி பாடினார்கள். இரண்டாவது முறை முடிந்ததும் கையை நீட்டிக்கொண்டு துண்டுக்காகக் காத்திருந்தாள்.

சிரித்துவிட்டு வந்தோம். ஆனால் அந்த மெட்டின் பூர்வீகத்தைப் பார்த்தால் பேத்தி மேல் தவறு சொல்ல இடமில்லை. 1893இல் அமெரிக்காவில் ஹில் என்ற குடும்பப்பெயர் கொண்ட சகோதரிகள் இருவர், மழலையர் வகுப்பில் காலை வணக்கம் சொல்வதற்காக வெளியிட்ட பாட்டின் மெட்டு அது. பிறந்தநாளுக்குப் போனது பிற்பாடுதான். வணக்கம் சொல்லப் பிறந்த மெட்டு பிறந்தநாளுக்குப் போகலாம், பிறந்தநாளிலிருந்து குழாயடிக்கு வரலாம் என்றால், குழாயடியிலிருந்து எங்கே போகவேண்டும் என்று இவள் முடிவு செய்யக்கூடாதா?

இந்த விஷயத்தில் பெரியவர்களைவிட அவள் காது தேவலை. நட்சத்திரம் மின்னுவதைப் பார்த்து வியக்கும் ஆங்கிலப் பாட்டு ஒன்று உண்டல்லவா? அதற்கு இரு கைகளையும் மேலே தூக்கி விரல்களைத் திறந்து திறந்து மூடவேண்டும் என்பது எங்கள் வீட்டு நடைமுறை. ஒருநாள் என் மகன் ஆங்கில எழுத்து வரிசையைப் பாட்டாகச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தான். அவன் எழுத்துகளைச் சொல்லச் சொல்ல, இவள் கைகளைத் தூக்கி விரல்களை மின்னவைத்துக்கொண்டு கூரையில் எதையோ தேடினாள். "கவனமே இல்லைப்பா இவளுக்கு" என்றான். கவனம் இல்லாதவன் அவன். இரண்டும் ஒரே மெட்டு. எனக்கே அன்றைக்குத்தான் உறைத்தது. 1761இல் பிரான்சில் அச்சேறிய பழைய மெட்டாம். ஜேன் டெய்லர் எழுதி 1806இல் வெளிவந்த நட்சத்திரக் கவிதை பின்னால் வந்து அதில் உட்கார்ந்துகொண்டது. எழுத்து வரிசை 1835இல் பாஸ்டனில் அதே மெட்டோடு வெளியானது. நடுவே மோட்சார்ட் வேறு அதை எடுத்துப் பியானோவுக்குப் பன்னிரண்டு விதமாக மாற்றி மாற்றி எழுதிவைத்திருக்கிறார்.

அந்தப் பன்னிரண்டும் ஒரு மாலையில் வானொலியில் வந்தன. நான் ஏதோ பியானோ என்றிருந்தேன். தரையில் உட்கார்ந்து ஒரு டப்பாவோடு போராடிக்கொண்டிருந்த பேத்தி சட்டென்று எழுந்து கைகளைத் தூக்கி நட்சத்திரம் காட்டினாள். வாசிப்பு வேகம் பிடித்து மெட்டு உள்ளே ஒளிந்துகொண்டபோது கைகளை இறக்கிவிட்டு, வானொலிப் பெட்டிக்குப் பின்னால் போய்ப் பார்த்தாள். மெட்டு திரும்ப எட்டிப்பார்த்ததும் கைகள் மறுபடி மேலே போயின. புரூஃப் பார்க்கிறவனுக்கு இது விளங்கும். எழுத்துருவை மாற்றினாலும் அளவைப் பெரிதாக்கினாலும் சொல் அதே சொல்தான்.

இனி என் தோள் விவகாரம். இதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. தலை, தோள், முழங்கால் என்று தொட்டுத் தொட்டுப் பாடும் பாட்டை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நான். எனக்கு இடது தோள்பட்டை வலி. அந்தக் கை தலை வரை ஏறாது. ஆகவே நான் தலையைத் தொடும்போது வலது கை ஒன்றுதான் போகும், இடது கை நெஞ்சோடு நின்றுவிடும். அவளுடைய மற்றத் தாத்தா பாட்டி வந்திருந்த அன்று, "ஆடிக்காட்டு கண்ணு" என்றோம். வலது கையை மட்டும் தலையில் வைத்தாள். இடது கையை நெஞ்சுவரை கொண்டுவந்து நிறுத்தினாள். பிறகு முகத்தைச் சுளித்து, பல்லைக் கடித்து, "ஸ்ஸ்ஸ்... அம்மா" என்றாள். அப்புறம் முழங்காலைத் தொட்டாள். ஒவ்வொரு சுற்றிலும் தலைக்கும் முழங்காலுக்கும் நடுவே ஒரு "ஸ்ஸ்ஸ்... அம்மா". என் வலியை ஒரு தாளம்கூடத் தவறாமல் ஆடினாள். சம்பந்தி அம்மா சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டார்.

இதைப்பற்றி மகன் தேடிக் கொடுத்த ஒரு சோதனையை இங்கே சொல்லவேண்டும். ஆண்ட்ரூ மெல்ட்சாஃப் என்ற அமெரிக்க உளவியலாளர் 1988இல் வெளியிட்டது. 14 மாதப் பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு பெட்டியைக் குனிந்து நெற்றியால் தொட்டு, அதில் விளக்கு எரிவதைக் காட்டினார். பிள்ளைகளைத் தொட விடவில்லை. ஒரு வாரம் கழித்துப் பெட்டியைக் கொடுத்தபோது மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் நெற்றியை வைத்து முட்டினார்கள். கையால் தொட்டாலே எரியுமே என்று நமக்குத் தோன்றும். கட்டுரையாளருக்குப் பிடிக்கும் சோதனைதான். ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2002இல் வேறு சிலர் அதையே ஒரு மாற்றத்தோடு செய்து பார்த்தார்கள். காட்டுகிறவர் குளிருக்குப் போர்த்தியதுபோலக் கைகளைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு நெற்றியால் தொட்டார். இப்போது பெரும்பாலான பிள்ளைகள் கையாலேயே தொட்டார்கள். பாவம், கை சும்மா இல்லை, அதனால்தான் நெற்றி என்று கணக்குப் போட்டதுபோல இருக்கிறது. என் தோள்வலிக்குப் போர்வை இல்லை. கண்ணுக்குத் தெரிகிற காரணம் எதுவும் இல்லாததால், முகச்சுளிப்பும் பாட்டில் உள்ளதுதான் என்று அவள் எடுத்துக்கொண்டாள். வெறும் பொம்மை செய்கிற காரியமா இது?

தாத்தா என்ற என் பதவிக்கே ஒரு பாட்டு உலை வைத்தது. சுறா மீன் குடும்பத்தை ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு போகும் பாட்டு உங்கள் வாசகர்களில் யாருக்கும் புதிதாக இருக்காது. 2016இல் கொரிய நிறுவனம் ஒன்று வெளியிட்ட அதன் காணொளிதான், 2022 ஜனவரியில், உலகிலேயே முதன்முதலாக 1,000 கோடிப் பார்வைகளைத் தொட்டது. அதில் எங்கள் வீட்டுப் பங்கு கணிசமானது. குட்டிச் சுறாவுக்கு இரண்டு விரல், அம்மாவுக்கு இரண்டு கை, அப்பாவுக்கு முழு நீளக் கைகள். தாத்தாவுக்கும் பாட்டிக்கும் விரல்களை உள்ளே மடக்கவேண்டும், பல் விழுந்துவிட்டது என்பதற்கு அடையாளம். மருமகள் சொல்லிக்கொடுத்த முறை இது. சில நாள் கழித்து, நான் சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தபோது வாய்க்குள் ஏதோ ஊர்வதுபோல இருந்து விழித்தேன். பேத்தி என் உதட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு இரண்டு கடைவாய்ப் பற்கள் தவிர எல்லாம் இருக்கின்றன. முன்வரிசை முழுசாக இருப்பதை விரலால் தட்டித் தட்டிப் பார்த்தாள். "தாத்தா இல்லை" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஒரு வாரம் என்னை "அப்பா" என்றுதான் கூப்பிட்டாள். பாட்டில் தாத்தாவுக்குப் பல் இல்லை. எனக்குப் பல் இருக்கிறது. ஆகவே நான் அப்பா. தர்க்கத்தில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை.

இப்படிச் சொல்லிக்கொண்டே போகலாம். ஆனால் நான் எழுத உட்கார்ந்தது வேறு ஒன்றுக்காக.

அந்தச் சுறாப் பாட்டை முழுதாகக் கேட்டவர்களுக்குத் தெரியும்: துரத்தல், தப்பித்தல் எல்லாம் ஆன பிறகு, முடிந்துவிட்டது என்று பாட்டே பாடி முடிக்கும். பேத்திக்கு அந்த இடம் மிகவும் பிடிக்கும். இரு கைகளையும் விரித்து, பெருமூச்சு விட்டு, எழுந்து போகத் தயாராவாள். அந்த நொடியில் கைப்பேசித் திரை தானாக அடுத்த பாட்டைத் தொடங்கிவிடும். எழுந்தவள் பாதி எழுந்த நிலையிலேயே நிற்பாள். பாட்டு முடிந்தது என்று பாட்டே சொல்லிவிட்டதே, பிறகு இது என்ன? அவள் முகத்தில் அந்தக் குழப்பத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பிறகு மெல்ல உட்கார்ந்துவிடுவாள். அதற்கப்புறம் பிடுங்கினால்தான் உண்டு, பிடுங்கினால் அழுகைதான். ஒரு வயதில் திரையே வேண்டாம், இரண்டு வயதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னதை நாங்களும் படித்திருக்கிறோம். எங்கள் வீட்டில் அது முழுதாக நடக்கிறது என்று பொய் சொல்லமாட்டேன். நான் பார்த்தவரை, எத்தனை நிமிடம் என்பதோடு இன்னொன்றும் இருக்கிறது. அவளாக எழுந்து போக ஓர் இடம் கிடைக்கிறதா இல்லையா என்பது.

குழாயடியில் அந்த இடம் கிடைக்கிறது. இரண்டு முறை பாடி முடிந்ததும் அவளே குழாயை மூடுகிறாள், யாரும் சொல்லவேண்டியதில்லை. "போதும், தண்ணீர் வீணாகிறது" என்று நாங்கள் சொன்னால் மூடமாட்டாள். பாட்டு முடிந்தால் மூடுவாள். பாதியில் தொலைபேசி மணி அடித்துப் பாட்டு நின்றுபோனால், திரும்ப முதலிலிருந்து பாடவேண்டும், விட்ட இடத்திலிருந்து அல்ல. குளிப்பாட்டும்போது மூன்றாவது வரியில் எனக்கு இருமல் வந்துவிட, முதலிலிருந்து தொடங்கி, மறுபடி இருமி, நான்காவது சுற்றில்தான் அவளை வெளியே எடுக்க முடிந்தது. இதைப் பிடிவாதம் என்கிறார்கள். வரி விட்டுப்போன பக்கத்தை அச்சுக்கு அனுப்பமாட்டேன் என்று நான் நின்றால் அதைப் பொறுப்பு என்பார்கள்.

முடிவில்லாத பாட்டு கிடைத்தால் கதை வேறு. வண்டியின் ஒவ்வோர் உறுப்பையும் சொல்லி அது என்ன சத்தம் போடுகிறது என்று பாடிக்கொண்டே போகும் வகை இருக்கிறதே, அதற்கு எங்கே நிறுத்துவது என்று கிடையாது. சக்கரம், கதவு, ஊதல், கண்ணாடி துடைப்பான் எல்லாம் தீர்ந்ததும் அவள் மின்விசிறியைக் காட்டுவாள். அப்புறம் நாற்காலி. அப்புறம் பல்லி. அப்புறம் பாட்டி. பாட்டி என்ன சொல்வாள் என்பதற்கு "மெல்ல, மெல்ல" என்று பாடவேண்டும். என் மனைவி நாள் முழுவதும் சொல்வது அதுதான். ஒருநாள் எண்ணிக்கொண்டே வந்தேன். இருபத்தாறாவது கண்ணி கதவுத் தாழ்ப்பாளைப் பற்றியது. அதற்குள் அவளுக்கே அலுத்துவிட்டது. கண்ணைக் கசக்குகிறாள், சிணுங்குகிறாள், ஆனாலும் அடுத்த பொருளைக் காட்டாமல் இருக்க முடியவில்லை. அன்றைக்குத்தான் எனக்குப் பட்டது: இவளுக்குப் பாட்டு அதிகமாகிவிடவில்லை, பாட்டுக்குக் கடைசி வரிதான் இல்லை.

நம் பழைய ஆட்களுக்கு இது தெரிந்திருக்கிறது. பிள்ளைத்தமிழ் நூல்கள் சிலவற்றுக்கு நான் புரூஃப் பார்த்திருக்கிறேன். பத்துப் பருவம், பருவத்துக்குப் பத்துப் பாட்டு. அப்போது எனக்கு அது வெறும் எண்ணிக்கை. பத்துப் பாட்டும் இருக்கின்றனவா, எண் சரியா என்று பார்த்ததோடு சரி. இப்போது பேத்தியை வைத்துக்கொண்டு யோசித்தால் வேறு மாதிரி தெரிகிறது. ஒன்பதாம் மாதத்துக்குச் சப்பாணி, கைகொட்டும் பருவம். பதினைந்தாம் மாதத்துக்கு அம்புலி, நிலாவைக் கூப்பிடும் பருவம். பத்தொன்பதாம் மாதத்துக்குச் சிறுபறை, சின்னப் பறை கொட்டும் பருவம். அந்த மாதத்தில் இவள் எங்கள் வீட்டுப் பாத்திர மூடி ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. சப்பாணிப் பருவத்தில் பாட்டு எத்தனை கடினமான சொற்களில் ஓடினாலும், கடைசியில் "சப்பாணி கொட்டியருளே" என்றுதான் வந்து நிற்கும். பத்துப் பாட்டிலும் அதே இடம், அதே முடிப்பு. நடுவில் உள்ளது புலவர்களுக்கு. அந்தக் கடைசிச் சொற்கள் பிள்ளைக்கு. அது வந்தால் கைதட்டலாம், பாட்டு முடிந்தது என்று தெரிந்துகொள்ளலாம்.

தாலாட்டுக்கு மட்டும் விலக்குக் கொடுக்கிறேன். அதற்கு முடிவு வேண்டாம். யாராவது ஒருவர் தூங்கினால் போதும். எங்கள் வீட்டில் அது பெரும்பாலும் நான்தான்.

இப்போது ஒரு ஒப்புதல் வாக்குமூலம். என் அச்சகத்தில் சிறுவர் மாத இதழ் ஒன்று அச்சானது. கடைசி நேரத்தில் விளம்பரம் வந்துவிடும். பக்கம் கட்டுகிறவர் வந்து, "அண்ணே, நாலு வரி தள்ளுது" என்பார். பெரியவர்களுக்கான கவிதையில் ஒரு வரியை எடுத்தால் கவிஞர் மறுநாளே வாசலில் நிற்பார். குழந்தைப் பாட்டில் நான்கு வரியை எடுத்தால் யார் கேட்கப்போகிறார்கள்? எடுப்பதற்கு வசதி கடைசி நான்கு வரிதான், மேலே எதுவும் கலையாது. அப்படி எத்தனையோ பாட்டுகளின் வாலை நான் வெட்டியிருக்கிறேன். சிவப்பு மையால் ஒரு கோடு, ஓரத்தில் ஒரு சுழி, முடிந்தது. அந்த இதழை வாங்கிப்போன வீடுகளில் எத்தனை பிள்ளைகள் "இன்னு, இன்னு" என்று அழுதனவோ.

ஆகவே இரண்டு வேண்டுகோள். குழந்தைகளுக்குப் பாட்டு எழுதுகிறவர்களுக்கு: மெட்டு எப்படியும் இருக்கட்டும், சொற்கள் எவ்வளவு கோணலாகவும் இருக்கட்டும், பிள்ளை எழுந்து போக ஒரு கடைசி வரி வையுங்கள். உங்களுக்கு: உங்கள் சிறுவர் பகுதியில் இடம் போதாவிட்டால் பாட்டை அடுத்த வாரம் போடுங்கள், வால் இல்லாமல் போடாதீர்கள்.

சும்மா யோசனை மட்டும் சொல்லக்கூடாது என்று, மருமகளின் கூடைப் பாட்டுக்கு நானே ஒரு முடிவு கட்டினேன். என் சொந்த நலனும் கொஞ்சம் அதில் உண்டு:

யானை வந்தது, பந்தும் வந்தது,
எல்லாம் உள்ளே, எல்லாம் உள்ளே!
தாத்தா கண்ணாடி வெளியே, வெளியே,
மூடி போட்டாச்சு, முடிஞ்சு போச்சு!

வேலை செய்கிறது. நான்காவது வரி வந்ததும் கூடையை மூடி, மேலே ஒரு தட்டுத் தட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறாள். கண்ணாடியைக் கையில் எடுத்து, "வெய்யே" என்று சொல்லி என் மடியில் போடுகிறாள். ஒரே ஒரு பக்க விளைவு. கடைசி வரியை இப்போது எல்லாவற்றுக்கும் பயன்படுத்துகிறாள். "முச்சு போச்சு" என்று சொல்லி அப்பாவின் மடிக்கணினியை அலுவலகக் கூட்டத்தின் நடுவே மூடினாள். தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவரிடம் போய்ச் சொன்னாள். முந்தாநாள் வந்த விருந்தினர் ஒருவர் தம் வீட்டு வழக்கைப் பற்றி ஒரு மணி நேரமாகப் பேசிக்கொண்டிருந்தார். அடுக்களையிலிருந்து ஒரு பாத்திர மூடியை எடுத்துவந்து அவர் தலையில் வைத்து, "முச்சு போச்சு" என்றாள். மருமகள் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டாள். நானும் கேட்டேன், கொஞ்சம் தாமதமாக.

கடிதம் நீண்டுவிட்டது என்று எனக்கே தெரிகிறது. எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள். தோள்வலியை எடுத்துவிடலாம், மோட்சார்ட்டையும் எடுத்துவிடலாம், அவர் கோபித்துக்கொள்ளமாட்டார். அந்த நாலு வரிப் பாட்டில் மட்டும் கை வைக்கவேண்டாம். அச்சில் வந்ததும் நான் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு பாடுவேன், அவள் விரல் வைத்துக்கொண்டு வருவாள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர்